வடக்குப் பரணில் ஏறிய வேட்டை அதிகாரி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, மலையடிவாரத்தில் கூவலூர் என்று ஒரு நாடு இருந்தது. அதைக் குமாரகேசரி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் பிடித்தது அவருக்குச் சாயங்காலம் பிடிக்காது. வேட்டை ஒன்றுதான் எப்போதும் பிடிக்கும்.

அவருக்கென்று ஒரு வேட்டைக்காடு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டது நாகமாணிக்கம் என்ற அதிகாரி. ராஜா காலில் முள் தைக்கக் கூடாது என்று, நாற்பது ஆட்களை வைத்து தினமும் விடியும்போதே காட்டைப் பெருக்கிவிடுவார். புதர் தலைகாட்டினால் வெட்டு. குளத்துக்கு நாலு பக்கமும் செங்குத்தாகக் கல் கட்டி அழகு பார்த்தார். காடு அரண்மனை முற்றம் மாதிரி பளிச்சென்று இருந்தது. மான்தான் இல்லை. ஒரு வருஷமாக ராஜா வில்லோடு போய் வெறுங்கையோடு வந்தார்.

அப்படி வரும்போது ஒருநாள் வழி தவறி, குருவம்மா என்பவளுடைய கொல்லைக்குள் போய்விட்டார். அவள் புருஷனை இழந்தவள். இரண்டு பெண்பிள்ளைகள். சாமை விளையும் அந்த மேட்டுக்கொல்லையை விட்டால் அவளுக்கு வேறு கதி இல்லை. அங்கே பதினொரு புள்ளிமான்கள் நின்று மேய்ந்துகொண்டிருந்தன.

சபைக்கு வந்ததும் ராஜாவுக்கு அதே பேச்சு. "உமக்கு நாற்பது ஆள், அவளுக்கு ஒரே மண்வெட்டி. மான் யார் பக்கம் நிற்கிறது?" என்று எல்லார் முன்னாலும் நாகமாணிக்கத்தைக் கேட்டுவிட்டார்.

அவ்வளவுதான், நாகமாணிக்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. நெய் போதவில்லையா என்று பெண்சாதி கேட்டதற்கு எரிந்து விழுந்தார். தினமும் குருவம்மாவின் வேலியோரம் போய் நின்று மான்களை எண்ணினார். ஒவ்வொன்றும் தன் காட்டிலிருந்து திருடிக்கொண்டு போனது மாதிரியே தெரிந்தது. ஒரு சாயங்காலம் ராஜாவிடம் போய், அவள் மருந்து வைத்து அரண்மனை மானை இழுத்துக்கொண்டாள், கொல்லையைப் பறித்து வேட்டைக்காட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஓதினார். அன்று காலையில்கூட அவளைப் புகழ்ந்த ராஜா, சரி என்று தலையாட்டினார்.

குருவம்மாவைச் சபைக்குக் கூட்டிவந்தார்கள். என்ன மருந்து வைத்தாய் என்று ராஜா கேட்டார்.

"மருந்து ஒண்ணும் இல்லீங்க ராஜா. கொல்லை ஓரமா கொள்ளு விதைச்சேன். அது மானுக்கு, உள்ளே இருக்கிற சாமை எங்களுக்கு. இலந்தைப் புதரை வெட்டாம விட்டேன். குட்டி போட்டா ஒளிச்சு வைக்க அதுக்கும் ஒரு இடம் வேணும் இல்லீங்களா?"

நாகமாணிக்கம் சிரித்தார். "அவ்வளவு சுலபம்னா நான் செஞ்சிருக்க மாட்டேனா?"

"அப்போ ஐயாவோட காட்டிலேயே செஞ்சு காட்டறேன். மூணு மாசம் குடுங்க. மான் வரலைன்னா கொல்லையை எடுத்துக்கோங்க."

ராஜா ஒத்துக்கொண்டார்.

குருவம்மா முதல் நாளே நாற்பது பேரிடமும் துடைப்பத்தைப் பிடுங்கி வைத்தாள். மான் இறங்கித் தண்ணீர் குடிக்கிற மாதிரி, குளத்துக் கல்லை ஒரு பக்கம் பெயர்த்துச் சரிவாக்கினாள். நடுவிலிருந்த வெட்டவெளியில் கொள்ளு விதைத்தாள். மழை பெய்தது. புல் எழுந்தது, புதர் துளிர்த்தது, பழம் விழுந்த இடத்திலேயே கிடந்தது. நாகமாணிக்கம் தினமும் வந்து, சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று கேலி பண்ணினார். ஒருநாள் சரிவில் மான் புழுக்கை கிடந்தது. அன்றோடு கேலி நின்றது, வயிறு எரிந்தது.

மூன்று மாதம் முடிகிற சமயம் அவள் வேட்டைக்கு ஏறி உட்கார இரண்டு பரண் கட்டினாள். கொள்ளு விதைத்த வெளிக்குத் தெற்கே ராஜாவுக்கு, படியும் மெத்தையும் வைத்து ஒன்று. வடக்கே சருகு போட்டுச் சின்னதாக ஒன்று. வேட்டையன்று யாரும் சந்தனம், ஜவ்வாது பூசாமல் வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு வரவேண்டும் என்று சொல்லியனுப்பினாள். நாகமாணிக்கத்திடம் மட்டும் தானே போனாள்.

"ஐயா, நீங்க ராஜா பக்கத்திலே உட்காருங்க. வடக்குப் பரணுக்கு மட்டும் வந்துடாதீங்க. அது எனக்கு."

அவருக்கு அது போதாதா? நல்ல இடத்தை இவள் தனக்கு வைத்துக்கொண்டாள், மான் தன் பக்கம் வரும்போது ராஜாவிடம் பேர் வாங்கப் பார்க்கிறாள் என்று நினைத்தார். ராஜா முன்னால் ஆடு மேய்க்கிறவன் மாதிரி நிற்பதா என்று, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஜவ்வாது பூசிக்கொண்டார். வேட்டை நாள் கிழக்கு வெளுக்கும்போதே வடக்குப் பரணில் ஏறிவிட்டார். குருவம்மா அதைப் பார்த்தாள். ராஜாவின் பரணுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டாள்.

மான்கள் வந்தன. ராஜாவின் அம்புக்கு எட்டாத தூரத்தில், கொள்ளுக்கு நடுவில் நின்று தின்றன. வடக்கேயிருந்து வாடைக்காற்று அடித்தது. தலைமான் மூக்கைத் தூக்கியது, முன்னங்காலால் தரையைத் தட்டியது. உடனே மந்தை முழுவதும் தெற்கே திரும்பி, நேராக ராஜாவின் பரணைப் பார்த்து ஓடிவந்தது. ஒரே அம்பில் பெரிய கொம்புள்ள கலைமானை ராஜா சாய்த்தார்.

நாகமாணிக்கம் மூச்சிரைக்க ஓடிவந்தார். "ராஜாவே, நான்தான் மானை உங்கள் பக்கம் ஓட்டிவிட்டேன்."

ராஜா குருவம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"நிஜந்தாங்க ராஜா" என்றாள் அவள். "மான் நடுவிலேயே நின்னா அம்பு எட்டாது. காத்து வர்ற பக்கம் உட்கார்ந்து யாராவது விரட்டணும். ஐயாவோட ஜவ்வாது வாசனை ஒரு காதம் போகும். வாங்கன்னு கூப்பிட்டா வரமாட்டார். வராதீங்கன்னு சொன்னேன்."

ராஜா சிரித்த சிரிப்பில் பரண் ஆடியது.

"நாகமாணிக்கம், இனிமேல் வேட்டைக்கு வரும்போதெல்லாம் உமக்கு அந்த வடக்குப் பரண்தான். ஜவ்வாது குறையக் கூடாது" என்றார். வேட்டை பார்க்க வந்திருந்த பெருக்குகிற ஆட்களின் கண்ணைப் பார்க்க முடியாமல் நாகமாணிக்கம் தலைகுனிந்துகொண்டார்.

பிறகு ராஜா, "கொல்லை இனி உன் பிள்ளைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும். இந்தக் காட்டையும் நீயே பார்த்துக்கொள்" என்றார் குருவம்மாவிடம்.

"காட்டைச் சும்மா விட்டாலே அது பார்த்துக்கும் ராஜா. எனக்கு என் கொல்லை போதும். பிள்ளைங்க பசியோட இருக்கும், நான் போகட்டுமா?"

ராஜா வழிவிட்டார். குருவம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் கொல்லைக்கு நடந்தாள். அவள் வீட்டு அடுப்பு அதற்கப்புறம் அணையவே இல்லை. நம்ம வீட்டு அடுப்பும் அப்படியே எரியட்டும்.