வறண்ட மோட்டாருக்குப் பாடிய தவளைகள்

மலையடிவாரத்தில் ஒரு தவளை ஆய்வகம். அங்கே ஆசிரியைக்கு நாற்பது வயது, மாணவருக்கு அறுபது.

ஆசிரியை தாட்சாயணி. மாணவர் அருளப்பன், தலைமையாசிரியராக ஓய்வு பெற்று, பேரன் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர். நல்ல விஞ்ஞானிக்கு முக்கியமாக என்ன குணம் வேண்டும் என்று சேர்ந்த அன்றே கேட்டார். பழக்கதோஷம், கேள்வி கேட்டே வாழ்ந்த மனிதர்.

"தெரியும்போது சொல்றேன் சார்" என்றார் தாட்சாயணி.

மரத்தவளைகள் காற்றில் ஏறும் ஈரத்தை உணர்ந்து மழைக்கு முன்பே குரல் கொடுக்கின்றன என்பது தாட்சாயணியின் கோட்பாடு. அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். கண்ணாடிக் கூண்டில் மோட்டாரைப் போட்டால் பூந்தூறலாய்த் தண்ணீர் தெறிக்கும், தவளைகள் கத்தும். வந்தவர்கள் எல்லாம் கைதட்டிவிட்டுப் போனார்கள். அருளப்பனின் ஆய்வேடும் அந்த அஸ்திவாரத்தின் மேல் எழும்பி, கிரகப்பிரவேசத்துக்குத் தயாராக இருந்தது. பட்டமளிப்பு விழாவுக்கென்று அவர் மனைவி புடவைகூட எடுத்துவிட்டாள்.

ஒரு நாள் காலை மோட்டாருக்குத் தண்ணீர் தரும் தொட்டி காலி. அதைக் கவனிக்காமல் அருளப்பன் மோட்டாரைப் போட்டார். ஒரு துளி விழவில்லை. தவளைகளோ கச்சேரியை ஆரம்பித்துவிட்டன.

அவர் மோட்டாரை அணைத்துவிட்டு, கூண்டுக்குள் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டுக் காத்திருந்தார். கண்ணாடி வியர்த்து வழிந்தது. ஒரு தவளையும் வாயைத் திறக்கவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணலின் வாயால் கெட்டது மேடத்தின் கோட்பாடு. இனி தன் வாயால் தானும் கெட வேண்டுமா என்று அருளப்பன் யோசித்தார். பேசாமல் தொட்டியை நிரப்பிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

தாட்சாயணியின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினார். நடந்ததைச் சொன்னார்.

தாட்சாயணி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். சாக்குகளை எடுத்தெறிந்துவிட்டு, வறண்ட மோட்டாரைப் போட்டார். கத்தல். அணைத்தார். அமைதி. மறுபடியும் போட்டார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அடப்பாவிகளா, இத்தனை வருஷமா மோட்டாருக்கா பாடினீங்க?" என்று தவளைகளைக் கேட்டார்.

கேன்டீனிலிருந்து கேசரி வந்தது. நம்ம கோட்பாடு போச்சு, எடுத்துக்கோங்க என்று ஒவ்வொருவரிடமும் அவரே தட்டை நீட்டினார். கல்யாண வீடு தோற்றது.

அருளப்பன் மட்டும் கேசரியைத் தொடவில்லை.

"எப்படி மேடம் சிரிக்க முடியுது?"

"மோட்டார் சத்தம் அதுங்க காதுல என்னவா கேக்குதுன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா சார்? நாளைக்கே ஆரம்பிப்போம்."

நாளைக்கே என்றதும் அருளப்பனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புடவை இன்னும் சில வருஷம் பீரோவில் இருக்கட்டும்.

"நான் சேர்ந்த அன்னைக்கு ஒண்ணு கேட்டேன். நீங்க இன்னும் பதில் சொல்லல."

தாட்சாயணி ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"காலையில என் கதவுக்கு அடியில உங்க நிழல் ரொம்ப நேரம் தெரிஞ்சுது சார்."

அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "திரும்பிப் போயிடலாம்னு இருந்துச்சு மேடம்."

"ஆனா தட்டினீங்கல்ல" என்றார் தாட்சாயணி. "கேசரி ஆறுது, சாப்பிடுங்க."