பன்றி வாரிய தூர்

ஒரு கடமான் சட்டம் போட்டது. ஒரு காட்டுப்பன்றி அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே காட்டைத் தவிக்க விட்டது. எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

அந்தக் காட்டுக்கு ஓடை ஒன்றே ஒன்றுதான். மழைக்காலத்தில் அது பாட்டுக்கு ஓடும். கோடை வந்துவிட்டால் மேல்வளைவில் ஓர் ஊற்று மட்டும் மிஞ்சும். ஊற்றுநீர் மணலுக்கு அடியில் கசிந்து போய்க் கீழே ஒரு மடுவில் தேங்கும். எல்லாரும் வந்து குடிப்பது அந்த மடுவில்தான்.

ஒரு கோடையில் கரடிக்குச் சோம்பல் வந்துவிட்டது. "மடு வரைக்கும் யார் நடக்கிறது?" என்று ஊற்றுக்குப் பக்கத்திலேயே தனக்கென்று ஒரு குழி தோண்டிக்கொண்டது. அதைப் பார்த்து முள்ளம்பன்றி ஒன்று தோண்டியது. காட்டுமாடு மட்டும் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு குழி! கீழே மடு காய்ந்தது. மேலே யார் குழியிலும் நாக்கு நனைகிற அளவுக்குக்கூட ஊறவில்லை. நல்ல கூத்துதான்.

நாவல் மரத்தடியில் சபை கூடியது. பேசத் தெரிந்தது என்று எல்லாரும் கடமானை முன்னே தள்ளினார்கள். அந்தத் தாய்க் கடமான் வளவளவென்று பேசாது. அதன் குட்டி பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"இந்தக் காட்டுக்குள்ளே யாரும் தனக்குன்னு தண்ணிக் குழி தோண்டக் கூடாது. தோண்டினவங்க மூடிடணும்" என்றது கடமான்.

கரடி முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டது. அப்போது காட்டுப்பன்றி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது.

"என் குழி என்னக்கா ஆகும்? அது நேத்துத் தோண்டினது இல்லை. ஊத்துக்குப் பக்கத்துல எங்கப்பன் காலத்திலேருந்தே இருக்கிற குழி. சேத்துல புரளலேன்னா என் குட்டிங்க தோல் வெந்துபோயிடும்."

அது பொய்யில்லை. அதன் பின்னால் குட்டிகள் வரிசையாக நின்று மூச்சு வாங்கின. கடமானும் பிள்ளை பெற்றதுதானே, மனசு இளகிவிட்டது.

"சரி, பழைய குழி இருந்துட்டுப் போகட்டும். தூர் வாரிக்கலாம். புதுசா மட்டும் யாரும் தோண்டக் கூடாது" என்றது.

"நல்ல தீர்ப்பு" என்று சபை கலைந்தது. மற்றவர்கள் தங்கள் குழிகளை மூடியதும் மடுவில் மறுபடி தண்ணீர் தேங்கியது. கடமானுக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. யாருக்கும் வலிக்காமல் ஒரு சட்டம் போடுவது லேசான வேலையா என்ன?

பன்றி முதலில் நேர்மையாகத்தான் வாரியது. இலை அழுகிய கறுப்புச் சேற்றை மூக்கால் அள்ளி அள்ளிக் கரையில் போட்டது. குழியில் தண்ணீர் ஏறியது. குட்டிகள் புரண்டு குதித்தன. பார்க்கப் பார்க்கப் பன்றிக்கு வயிறு குளிர்ந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆசை விடவில்லை. "இன்னும் கொஞ்சம் வாரினா இன்னும் கொஞ்சம் ஊறும்" என்று மறுபடி இறங்கியது. சட்டம்தான் வாரலாம் என்கிறதே!

குழி ஆழமாகிக்கொண்டே போனது. கீழே போக வேண்டிய கசிவெல்லாம் அதற்குள் வந்து விழுந்தது. இப்போது பன்றி கரையில் நின்று பேச ஆரம்பித்தது. "கிழங்கு கொண்டு வந்தியா? அப்போ ஒரு வாய் குடிச்சுக்கோ. கொண்டு வரலையா? போயிட்டு வா." தன் குழியை ஒழுங்காக மூடிய கரடி வாயில் கிழங்கைக் கவ்விக்கொண்டு தலை குனிந்து நின்றதைப் பார்த்தால் உங்களுக்கே பாவமாக இருக்கும்.

மடுவோரம் புதரில் ஒரு முயல் குடும்பம் இருந்தது. தாய் முயல் கடமானிடம் வந்தது.

"மடு இறங்கிக்கிட்டே வருதுக்கா. மேலே பன்றி தோண்டிக்கிட்டே இருக்கு."

"தோண்டலை, தூர் வாருது. ரெண்டும் வேற" என்றது கடமான்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

"சட்டத்தைச் சொன்னது நான். எனக்குத் தெரியாதா?"

முயல் காதை மடக்கிக்கொண்டு போய்விட்டது. கடமானுக்கும் லேசாகச் சந்தேகம் இருந்தது. ஆனால் அந்த வார்த்தை அதனுடைய வார்த்தை. காடே மெச்சிய வார்த்தை. அதைப் போய் யார் கிளறுவது? கண்டும் காணாமல் இருந்துவிட்டது.

வெயில் ஏறியது. ஒரு காலையில் கடமானின் குட்டி முன்னால் ஓடிப்போய் மடுவில் இறங்கிவிட்டது. தண்ணீர் இருந்த இடத்தில் வெறும் சேறு. குட்டி வயிறு வரைக்கும் புதைந்துபோய்க் கத்தியது. கடமான் பதறிப்போய் இறங்கி, பின்னாலிருந்து நெற்றியால் முட்டி முட்டித் தள்ளியது. கரையேறிய குட்டி தன் கால் சேற்றையே நக்கியது.

"இதுல தண்ணி எங்கம்மா இருக்கு?" என்று கேட்டது.

கடமான் மேலே ஓடை வரும் பக்கம் நிமிர்ந்து பார்த்தது. குட்டியைக் கூட்டிக்கொண்டு நேரே மேல்வளைவுக்கு நடந்தது. வழியில் பார்த்தவர்களை எல்லாம் வரச் சொன்னது.

பன்றி அசரவில்லை. "தூர் வாரலாம்னு சொன்னது நீங்கதானேக்கா. எவ்வளவு ஆழம்னு சொன்னீங்களா?"

சொல்லவில்லைதான். பன்றி வாரிப்போட்ட மண் கரையில் மேடாகக் கிடந்தது. கடமான் அதையே பார்த்தது. முதலில் வெளியே வந்த கறுப்புச் சேறு அடியில் இருந்தது. அதற்கு மேல் முழுக்க மஞ்சள் சரளை.

"தூர்னா என்ன? நீயே சொல்லு" என்றது கடமான்.

"தண்ணி அடிச்சுக்கிட்டு வந்து குழியில படியறது."

"இந்தச் சரளையை எந்தத் தண்ணி அடிச்சுக்கிட்டு வந்துச்சு?"

பன்றி மேட்டைப் பார்த்தது.

"கறுப்பு மண்ணோட உங்கப்பன் குழி முடிஞ்சுபோச்சு. அதுக்குக் கீழே இருக்கிறது நீ தோண்டினது. பழைய குழிக்குள்ளேயே ஒரு புதுக் குழி. அதைத்தான் சட்டம் வேண்டாம்னுது."

"அப்போ என் குட்டிங்க?"

"உன் குட்டிங்களுக்கு உங்கப்பன் குழி இருக்கு. அதை யாரும் கேக்கலை."

பன்றி சுற்றிலும் பார்த்தது. கிழங்கு கொடுத்துக் குடித்தவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். பன்றி சரளையைக் குழிக்குள் தள்ள ஆரம்பித்தது. கடமானும் குளம்பால் மண்ணைத் தள்ளியது. "என் வாய் சொன்ன சொல்லுக்கும் இந்தக் குழியில பங்கு இருக்கு" என்றது.

மடுவில் மெல்ல மெல்லத் தண்ணீர் ஊறியது. மறுபடி சபை கூடியது. "பழைய குழியைத் தூர் வாரலாம். மண்ணோட நிறம் மாறுற இடத்துல நிறுத்திடணும்" என்று கடமான் சட்டத்தைத் திருத்திச் சொன்னது. எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள்.

கடமான் அந்தப் பாராட்டுக்கு நிற்கவில்லை. முயலிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று மடுவோரப் புதருக்குப் போனது. வளை காலியாகக் கிடந்தது. முள்ளம்பன்றிதான் விஷயத்தைச் சொன்னது.

"அது பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மலைக்கு அந்தப் பக்கம் போயிடுச்சே. அங்கே வேட்டைநாய் இருக்குன்னு எவ்வளவோ சொன்னோம். 'நாய்கிட்டேருந்து ஓடிப் பார்க்கலாம், தாகத்துகிட்டேருந்து எங்கே ஓடுறது'ன்னு கேட்டுச்சு."

கடமான் குனிந்து அந்தக் காலி வளையை மோந்து பார்த்தது. தண்ணீர் திரும்பிவிட்டது, முயல் திரும்பவில்லை. பிறகு ஒவ்வொரு கோடையிலும், யாரும் கூப்பிடாமலே, அது மேல்வளைவுக்குப் போய்க் குழியின் மண்ணைப் பார்த்துவிட்டு வந்தது.

இரக்கப்பட்டு ஒருவருக்குச் சலுகை கொடுத்தவர், அந்தச் சலுகை யார் வாய்த் தண்ணீரைப் பறிக்கிறது என்று தாமே போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.