மோட்டாருக்குப் பத்திரிகை வைத்தார்கள்

சொக்கட்டான்பட்டிக்காரர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். அடுத்தவர் சொல்வதை அப்படியே நம்பியும் விடுவார்கள். இந்த இரண்டு நல்ல குணமும் ஒரே ஊரில் சேர்ந்துகொண்டால் என்ன பாடு என்பது வெள்ளியங்கிரியைக் கேட்டால் தெரியும்.

வெள்ளியங்கிரி அந்த ஊர்த் தண்ணீர்க் கமிட்டியின் செயலாளர். நாச்சிமுத்து தலைவர். தெய்வாத்தாளும், டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்த சென்னியப்பனும் உறுப்பினர்கள். நால்வரில் கவலைப்படத் தெரிந்தவர் வெள்ளியங்கிரி ஒருவர்தான் என்பதால் கமிட்டியின் கவலைகளை எல்லாம் மற்ற மூவரும் அவரிடமே விட்டிருந்தார்கள்.

ஒரு கம்பெனி வந்தது. ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் பழைய சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டு, செல்போனிலேயே போட்டு நிறுத்துகிற மாதிரி செய்து கொடுத்தது. காசே வேண்டாம் என்றது. ஆனால் தினமும் காலையில் போனைத் திறந்தால், 'விதிமுறைகள் அனைத்தையும் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு கட்டம் வரும். உலகமே அதைப் படிக்காமல் தட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறது. வெள்ளியங்கிரிக்கு விரல் வரவில்லை. படிக்காததைப் படித்தேன் என்று எப்படிச் சொல்வது? நாற்பத்தொரு பக்கத்தையும் கமிட்டியார் முறை வைத்து, சமுதாயக் கூடத்தில் உரக்கப் படித்தார்கள். தினமும் படித்தார்கள். ஊருக்குத் தண்ணீர் வர மத்தியானம் இரண்டு மணி ஆனது.

இருபத்துமூன்றாம் பக்கத்தில், 'உங்கள் தகவல்களை எங்களோடு பகிர்ந்துகொள்ளச் சம்மதிக்கிறீர்கள்' என்று இருந்தது. சம்மதித்துவிட்டுச் சும்மா இருப்பது நாணயமில்லை என்று தெய்வாத்தாள் தினமும் கம்பெனிக்கு போன் போட்டுத் தகவல் சொன்னார். எருமை கன்று போட்டது, தனக்கு எந்த முட்டியில் வலி, பக்கத்து வீட்டு மருமகள் எதற்காகக் கோபித்துக்கொண்டு போனாள் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று அங்கே ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. இவ்வளவு ஆசையாக இருப்பவர்களை ஏங்க விடக்கூடாது என்று ஊரில் மற்றவர்களும் பேச ஆரம்பித்தார்கள்.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த கம்பெனி, ஒரு வெள்ளிக்கிழமை இணைப்பையே துண்டித்துவிட்டது. காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் நிறுத்துவோம் என்று முப்பத்தெட்டாம் பக்கத்தில் தெளிவாகத்தான் போட்டிருந்தது.

"சொன்னபடியே செஞ்சுட்டாங்க பாருங்க. வாக்குத் தவறாத கம்பெனிங்க" என்றார் நாச்சிமுத்து. மற்ற இருவரும் மரியாதையோடு தலையாட்டினார்கள்.

வெள்ளியங்கிரி மட்டும் காலண்டரைப் பார்த்தார். அடுத்த புதன்கிழமை அவர் மகள் பூவாத்தாளுக்கு அதே ஊரில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து மட்டும் அறுநூறு பேர் வருகிறார்கள். தண்ணீர் இல்லாமல் போனால், போகிற வீட்டில் அந்தப் பெண் ஆயுசு முழுக்க அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பாவம், அவர் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தார்.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவருடைய அண்ணன் மகள் மேகலை, விஷயம் கேள்விப்பட்டு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கம்பெனியின் பெட்டியைக் கழற்றிவிட்டுத் தான் கொண்டுவந்த சின்னப் பெட்டியை மாட்டினாள். மோட்டாருக்கான கட்டளைகளை எல்லாம் ஊருக்குப் புரிகிற தமிழில் எழுதியிருந்தாள். மோட்டார் ஓடியது.

"இதுக்கு முதலாளின்னு யாருமில்லீங்க சித்தப்பா. உள்ளே என்ன எழுதியிருக்குன்னு யாரு வேணும்னாலும் பாக்கலாம், திருத்தலாம். எத்தனை பேரு பாக்கறாங்களோ அத்தனைக்கு அத்தனை நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குத் திரும்பி வருவதாகக் கோயம்புத்தூருக்குக் கிளம்பினாள்.

நிறையப் பேர் பார்த்தால் நல்லது என்பதை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எத்தனை பேர் பார்க்க வேண்டும் என்று அவள் கணக்குச் சொல்லாததால் எல்லோரும் பார்த்துவிடுவதே நல்லது என்று கமிட்டி முடிவு செய்தது. அத்தனையையும் தாளில் அச்செடுத்து வீட்டுக்கு ஒரு பக்கம் கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் சமுதாயக் கூடத்தில் திருத்தம் தொடங்கியது.

எந்தப் பக்கத்திலும் பிள்ளையார் சுழி இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் சென்னியப்பன். மளிகைச் சிட்டைக்கே சுழி போடுகிற ஊரில் இது பெரிய குறைதான். எல்லாப் பக்கத்திலும் சுழி ஏறியது. அடுத்து நாச்சிமுத்து, 'மோட்டாரை ஓடச் சொல்' என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு முகம் சுளித்தார்.

"நம்மூர்ல வந்த ஆளை எடுத்த எடுப்புல வேலை ஏவுவோமுங்களா? வாங்க, சாப்டீங்களான்னு ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

அதுவும் நியாயமாகப் பட்டது. 'சாப்பிட்டாச்சா என்று கேள். பதில் வந்த பிறகு ஓடச் சொல்' என்று சேர்த்தார்கள். பிறகு தெய்வாத்தாள் தன் பக்கத்தைப் படித்தார். 'தொட்டி நிறைந்தால் நிறுத்து' என்று இருந்தது.

"கல்யாணத்தை வெச்சுக்கிட்டு யாராச்சும் நிறுத்துன்னு எழுதுவாங்களா?" என்றார்.

வெள்ளியங்கிரிக்குத் திக்கென்றது. அவரே பென்சிலை வாங்கி, அந்த வரி தெரியாதபடி அடித்தார். சென்னியப்பன் எல்லாத் திருத்தத்தையும் ஒன்று விடாமல் கூடத்துக் கம்ப்யூட்டரில் டைப் அடித்துப் பெட்டியில் ஏற்றினார். டைப்பிங்கில் அவர் ஒரு பிழை விட்டதில்லை.

புதன்கிழமை விடியற்காலையில் மோட்டார் ஓடவில்லை. முந்தின நாள் பாத்திரம் கழுவியதிலேயே தொட்டி காலி. சமையல்காரர் மூன்று மூட்டை அரிசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டு முதல் பஸ் பக்கத்து ஊரைத் தாண்டிவிட்டதாக போன் வந்தது. மோட்டார் ரூமுக்கு வெளியே கமிட்டி கூடியது.

"சாப்டீங்களான்னு கேட்டிருக்கும். மோட்டார் பதில் சொல்லலீங்க. ஏதோ மனத்தாங்கல்" என்றார் சென்னியப்பன்.

நாச்சிமுத்து வெள்ளியங்கிரி பக்கம் திரும்பினார். "வெள்ளியங்கிரி, மோட்டாருக்குப் பத்திரிகை வெச்சீங்களா?"

வெள்ளியங்கிரி பத்திரிகை வைத்தவர்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கரண்டு ஆபீஸ் லைன்மேன் வரைக்கும் வைத்திருந்தார். ஊருக்கே தண்ணீர் ஊற்றுகிற மோட்டாரை மறந்துவிட்டார். தன் புத்தியைத் தானே நொந்துகொண்டு வீட்டுக்கு ஓடி, மனைவியையும் அழைத்துக்கொண்டு தாம்பூலத் தட்டோடு திரும்பி வந்தார்.

அதற்குள் மேகலை வந்துவிட்டாள். சமுதாயக் கூடத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்ததுமே அவளுக்குத் தலை சுற்றியது. சென்னியப்பனைக் கூப்பிட்டு என்னென்ன சேர்த்தீர்கள் என்று கேட்டாள். சேர்த்ததை எல்லாம் அவர் மறைக்காமல் சொன்னார். அவள் ஒவ்வொன்றாக நீக்கினாள். எதையாவது எடுத்தீர்களா என்று அவள் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்கிற பழக்கம் அந்த ஊரில் இல்லை.

அதே நேரம் மோட்டார் ரூமில் வெள்ளியங்கிரி தட்டை நீட்டி, "மனசுல வெச்சுக்காம, குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கோணுமுங்க" என்று கண் கலங்கக் கும்பிட்டார். மோட்டார் உறுமிக்கொண்டு ஓடியது. நாச்சிமுத்து ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

சோறு வெந்தது. தாலி ஏறியது. முதல் பந்தி உட்கார்ந்து, சாம்பார் வாளி பாதி வரிசை போயிருக்கும். மேட்டிலிருந்த தொட்டி நிறைந்து வழிந்து, தண்ணீர் தெருவோடு இறங்கிப் பந்தலுக்குள் நுழைந்தது. மேகலை பதறிப்போய் நாச்சிமுத்துவிடம் சாவி கேட்டாள்.

"பத்திரிகை வெச்சுக் கூப்பிட்டிருக்குது கண்ணு. பந்தி நேரத்துல வர்றவங்களை நிறுத்தறது மரியாதையா?" என்று அவர் தர மறுத்துவிட்டார்.

மாப்பிள்ளையின் அப்பா காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு, இது என்னங்க சம்பந்தி என்று கேட்டார். வெள்ளியங்கிரி மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தாள். பொய் சொல்லத் தெரியாத மனிதர் நடந்ததை முழுக்கச் சொல்லிவிட்டார்.

சம்பந்தி முகம் மாறியது. மெதுவாகக் காலை இறக்கித் தண்ணீரில் வைத்து, எழுந்து நின்று கைகூப்பினார்.

"அடடா, நீங்கதானுங்களா? வாங்க, வாங்க" என்று தண்ணீரிடம் சொல்லிவிட்டுத் தன் பக்கத்திலேயே ஓர் இலை போடச் சொன்னார்.

மகளை நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறோம் என்று வெள்ளியங்கிரிக்கு அப்போதுதான் நெஞ்சு நிறைந்தது. இலை போட்டார்கள். இலை மிதந்து, வடையோடும் அப்பளத்தோடும் வாசல் பக்கம் நகர்ந்தது. சம்பந்திகள் இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாயச வாளியோடு அதன் பின்னாலேயே ஓடினார்கள்.

"பாயசம் சாப்டாமப் போறீங்களே" என்று மனம் தாங்காமல் கூப்பிட்டார் வெள்ளியங்கிரி.