கொண்டலாத்தி விழுங்கிய செய்தி

அல்லிக்குளத்துத் தவளைகளும் நண்டுகளும் ஆமைகளும் நத்தைகளும் சேர்ந்து தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ. ஒரு கொண்டலாத்திப் பறவை. சேவுகன் என்று பெயர். செம்மண் நிற உடம்பு. சிறகில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை. தலையில் விசிறி போல ஒரு கொண்டை. மனசு குளிர்ந்தால் அந்தக் கொண்டை தானாக விரிந்துகொள்ளும். ஆண்டவன் அப்படிப் படைத்துவிட்டான், அவர் என்ன செய்வார்!

சேவுகன் நல்லவர்தான். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவார். நத்தை வீட்டு விசேஷத்துக்குக்கூட முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் யாராவது முகம் சுளித்தால் அவருக்குத் தாங்காது.

பெரியகாட்டுச் சபை கூடி முடிந்ததும் சேவுகன் குளக்கரைப் பாறையில் வந்து நிற்க வேண்டும். சபையில் நடந்ததை ஊருக்குச் சொல்ல வேண்டும். அது அந்தக் குளத்து வழக்கம்.

தவளைகளுக்கும் ஒரு வழக்கம் உண்டு. பிடித்த செய்தி காதில் விழுந்தால் ஒரு தவளை "வறக்!" என்று ஆரம்பிக்கும். உடனே குளமே "வறக்! வறக்!" என்று சேர்ந்துகொள்ளும். அதுதான் அவர்கள் கைதட்டல். ஆரம்பித்தால் லேசில் நிற்காது. தொண்டை காய்ந்தால்தான் நிற்கும்.

அந்தப் பங்குனியில் குளத்துக்கு ஒரு கஷ்டம் வந்தது. மலை ஓடையிலிருந்து குளத்துக்கு வரும் வாய்க்காலில் ஒரு மருத மரம் விழுந்து கிடந்தது. தண்ணீர் அடைபட்டு, வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டது. குளம் வற்றிக்கொண்டே வந்தது. பெரிய தவளைகள் எங்கேயாவது தாவிப் பிழைத்துக்கொள்ளும். தலைப்பிரட்டைகள் என்ன செய்யும்? அவற்றுக்கு இன்னும் கால் முளைக்கவில்லை.

பொன்னாத்தா என்ற தவளை சேவுகனிடம் வந்தாள். அந்த வருஷம் அவளுக்குத்தான் பிள்ளைகள் அதிகம்.

"ஐயா, சபையில சொல்லி எப்படியாச்சும் அந்த மரத்தை எடுக்கச் சொல்லுங்க. சாமிக்கு அப்புறம் உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

"கவலைப்படாதேம்மா! யானையாரை நேர்ல பார்த்தே கேட்டுடறேன்!" என்று சேவுகன் பறந்தார்.

கேட்கவும் செய்தார். சபைத் தலைவர் யானையார் காதை ஆட்டியபடி பொறுமையாகக் கேட்டார்.

"சேவுகா, அல்லிக்குளம்னா எனக்கு ரொம்பப் பிரியம். ஆனா மேற்குக் காட்டுல தீ. எங்க ஆளுங்க எல்லாரும் அங்கதான் நிக்கிறாங்க. இப்போதைக்கு ஒருத்தரையும் அனுப்ப முடியாது."

சேவுகன் முகம் சுருங்கியது.

"இரு, இரு. ஒரு வழி சொல்றேன். ஆத்தங்கரையில எருமைக் கூட்டம் மேயுது. நாளைக்கு மதியம் வரைக்கும்தான் அங்க இருக்கும். அப்புறம் மேட்டுக்காட்டுக்குப் போயிடும். அதுக்குள்ள போய்க் கூப்பிடுங்க. மரத்தை இழுத்துக் கொடுப்பாங்க. போனதும் முதல் வேலையா உங்க ஊர்க்காரங்ககிட்ட இதைச் சொல்லு!"

"ஆகட்டும் ஐயா!" என்று சேவுகன் திரும்பினார்.

சாயங்காலம் குளக்கரையில் கூட்டம் கூடியிருந்தது. சேவுகன் பாறையில் இறங்கினார். அத்தனை முகங்களையும் பார்த்தார். நல்லதில் ஆரம்பிப்போம், கெட்டதைக் கடைசியில் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அங்கேதான் தப்பு நடந்தது.

"அன்பான குளத்து மக்களே! முதல்ல பெரியகாட்டுச் சேதி! தண்ணி குடிக்க வர்ற யாரையும் துறையில வச்சுப் புலி தொடக் கூடாதுன்னு சட்டம் வந்தாச்சு!"

"வறக்! வறக்!"

குருவன் என்ற கிழட்டு நண்டு ஒரு கொடுக்கைத் தூக்கியது. "புலி அதுக்கு ஒத்துக்கிச்சா?"

"ஒத்துக்கிச்சே! கையெழுத்துக்குப் பதிலா நகக்கீறல்கூடப் போட்டுச்சு!"

"அப்ப சரி. நான் பாட்டுக்குச் சந்தேகப்பட்டுட்டேன்!" எல்லோரும் சிரித்தார்கள்.

"அடுத்தது! இருட்டுப் பாதைக்கெல்லாம் மின்மினி விளக்கு! நம்ம கரைக்கும் உண்டு!"

"வறக்! வறக்!" சேவுகனின் கொண்டை பாதி விரிந்தது.

"அப்புறம், குயில் போய்க் காக்காய் கூட்டுல முட்டை போடுற வழக்கு! அதை விசாரிக்கக் குழு போட்டாச்சு!"

"குழுவுக்கு யாருங்க தலைவர்?" என்று ஒரு ஆமை கேட்டது.

"குயில்தான்!"

"வெளங்கிடும்!" என்றது குருவன். குளமே குலுங்கிச் சிரித்தது. சேவுகனின் கொண்டை முழுசாக விரிந்துவிட்டது.

"கடைசியா, நம்ம வாய்க்கால் விஷயம்! சபையில எடுத்து வச்சேன்! யானையார் முழுசாக் கேட்டார்! அல்லிக்குளம்னா எனக்கு ரொம்பப் பிரியம்னு அவர் வாயாலயே சொன்னார்!"

அடுத்து அவர் சொல்ல வாயெடுத்த வார்த்தை ‘ஆனால்’. அதற்குள் பொன்னாத்தா ஆனந்தத்தில் "வறக்!" என்று விட்டாள். அவ்வளவுதான். குளமே பிடித்துக்கொண்டது. "யானை வருது! யானை வருது!" என்று குட்டித் தவளைகள் குதித்தன. நத்தைகள்கூடக் கொம்பை ஆட்டின.

சேவுகன் அலகைத் திறந்தார். மூடினார். எத்தனை சந்தோஷமான முகங்கள்! இதை எப்படிக் கெடுப்பது? காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று அந்த ‘ஆனால்’ என்பதை விழுங்கிவிட்டுக் கூட்டுக்குப் பறந்தார்.

கூட்டில் மனைவி வடிவு காத்திருந்தாள்.

"யானை எப்ப வருதாம்?"

"வரலை."

"என்னது! அப்புறம் ஏன் குளத்துல அவ்வளவு கும்மாளம்?"

"சொல்ல வந்தேன் வடிவு. அதுக்குள்ள தட்டிட்டாங்க."

"அவங்க தட்டினா, உங்க வாயை யாரு தச்சது? கொண்டை விரிஞ்சா உங்களுக்குக் கண்ணு தெரியுறதில்ல!"

"காலையில முதல் வேலை அதுதான்."

"உங்க காலை வர்றவரைக்கும் தண்ணி காத்துக்கிட்டு நிக்குமா?" என்றாள் வடிவு. அன்று ராத்திரி சேவுகனுக்குத் தூக்கம் வரவில்லை.

பொழுது விடிந்தது. சேவுகன் குளக்கரைக்கு வந்து பார்த்தார்.

வாய்க்கால் குளத்தில் சேரும் இடத்தில் அல்லிக்கொடித் தோரணம் தொங்கியது. யானையை வரவேற்கவாம்! அதுகூடப் பரவாயில்லை. அங்கே ஒரு சின்னப் பள்ளத்தில் பொன்னாத்தாவின் தலைப்பிரட்டைகள் எல்லாம் நெளிந்துகொண்டிருந்தன.

"பிள்ளைங்களை ஏம்மா இங்க கொண்டுவந்தே?" என்று சேவுகன் பதறினார்.

"புதுத் தண்ணி முதல்ல இங்கதானே ஐயா வரும்! நேத்தே கூட்டிக்கிட்டு வந்துட்டேன். பாருங்க, வர்ற வழிகூட ராத்திரியோட காஞ்சுபோச்சு. அதனால என்ன? உங்க புண்ணியத்துல இன்னும் கொஞ்ச நேரத்துல தண்ணி வந்துடுமே!"

சேவுகன் திரும்பிப் பார்த்தார். பள்ளத்துக்கும் குளத்துக்கும் நடுவே வெறும் சேறு. பிள்ளைகள் திரும்பிப் போக வழியில்லை. வெயில் ஏறினால் அந்தப் பள்ளம் எவ்வளவு நேரம் தாங்கும்? அவர் விழுங்கிய ஒரு வார்த்தை, இத்தனை பிள்ளைகளை அங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

அவர் பாறைக்குப் பறந்தார். "எல்லாரும் கேளுங்க!" என்று கத்தினார்.

"ஐயா வந்துட்டார்! வறக்! வறக்!"

"இல்ல, இல்ல! தட்டாதீங்க!"

அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? போதாததற்கு, கைதட்டலைக் கேட்டதும் கொண்டை தன் பாட்டுக்கு விரிந்துகொண்டது. "கொண்டையைப் பாருங்கடி! நல்ல சேதிதான்!" என்று தவளைகள் இன்னும் பலமாகக் கத்தின.

சேவுகனுக்கு அழுகையே வந்துவிட்டது. கடவுளே, நீதான் வழிகாட்டணும் என்று கண்ணை மூடினார். பிறகு பாறையிலிருந்து இறங்கினார். நேராகச் சேற்றுக்குப் போனார். எல்லோரும் பார்க்கத் தலையைச் சேற்றுக்குள் அழுத்தினார். விசிறிக் கொண்டை சேறு அப்பிக்கொண்டு கழுத்தோடு ஒட்டிப் படிந்துவிட்டது.

"வற..." என்ற குரல்கள் பாதியில் நின்றன.

"ஐயோ, ஐயாவுக்கு என்ன ஆச்சு!" என்றது ஓர் ஆமை.

"யானை வராது!" என்றார் சேவுகன். "நேத்தே தெரியும். உங்க முகம் வாடிடுமேன்னு சொல்லாம விட்டுட்டேன். தப்பு என்னோடது."

பொன்னாத்தா பள்ளத்தைப் பார்த்தாள்.

"என் பிள்ளைங்களைக் கொண்டாந்து வெயில்ல வச்சுட்டேனே ஐயா!"

"நல்லா வாங்கிக் கொடுத்தீங்கய்யா ஓட்டுப் போட்டவங்களுக்கு!" என்று குருவன் கொடுக்கை உயர்த்தியது.

"திட்டுங்க, வாங்கிக்கிறேன். ஆனா இப்ப நேரமில்ல! ஆத்தங்கரையில எருமைங்க இருக்காங்க. மதியத்துக்குள்ள கூப்பிட்டா வந்து மரத்தை இழுப்பாங்க. நான் பறக்கிறேன். நீங்க அல்லி இலையெல்லாம் பறிச்சுப் பள்ளத்து மேல மூடுங்க! வெயில் படக் கூடாது!"

தவளைகள் இலைகளை இழுத்து வந்தன. நண்டுகள் காம்பை வெட்டிக் கொடுத்தன. ஆமைகள் பள்ளத்தைச் சுற்றி உட்கார்ந்து தங்கள் ஓட்டால் நிழல் கொடுத்தன. சேவுகன் சேறு அப்பிய தலையோடு பறந்தார்.

ஆற்றங்கரையில் எருமைகள் கிளம்பிக்கொண்டிருந்தன. முன்னால் நடந்த கொம்பாயி என்ற எருமைத் தலைவியின் கொம்பில் போய் சேவுகன் உட்கார்ந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னார்.

"யானையார் சொல்லி அனுப்பினார். நேத்து சாயங்காலத்துல இருந்து வழியைப் பார்த்தோம். இப்பத்தான் வர்றீங்களா?"

"என் தப்புத்தான் அம்மா. அங்க பச்சைப்பிள்ளைங்க வெயில்ல கிடக்கு."

கொம்பாயி வாலைச் சுழற்றினாள். "வர்றோம். ஆனா ஒரு பேச்சு. வெயில் காலம் முடியுறவரைக்கும் உச்சிப் பொழுதுல உங்க குளத்துல நாங்க ஊறணும். சம்மதமா?"

சம்மதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தவளைகளிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். சேவுகனின் அலகு வரைக்கும் அது வந்துவிட்டது. இன்னொரு தடவையா என்று மனசு இடித்தது.

"அம்மா, குளம் அவங்களோடது. அவங்களைக் கேட்காம நான் தலையாட்ட முடியாது. தயவு செஞ்சு என்கூட நடங்க. அவங்க வாயாலயே கேட்டுக்குங்க."

"சரிதான்! கேட்டுட்டுச் சொல்றேங்கிற எம்.எல்.ஏ.வை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்!" என்று கொம்பாயி சிரித்தாள். எருமைகள் வரிசையாகத் திரும்பி நடந்தன.

குளக்கரை வந்ததும் சேவுகன் பாறையில் ஏறினார்.

"கசப்பை முதல்ல சொல்லிடறேன். மரத்தை இழுத்துக் கொடுத்தா, இந்த வெயில் முடியுற வரைக்கும் தினம் எருமைங்க நம்ம குளத்துல ஊறுவாங்க. தண்ணி கலங்கும். சாணியும் விழும்."

"சாணியா!" என்று தவளைகள் முகம் சுளித்தன. ஆனாலும் சேவுகன் சொன்னதை மாற்றவில்லை.

பொன்னாத்தா பள்ளத்து இலையை விலக்கிப் பார்த்தாள். கை அளவு தண்ணீர்தான் மிச்சம் இருந்தது.

"கலங்கின தண்ணியில பிள்ளை வளரும். காஞ்ச மண்ணுல வளருமா? ஊறிக்கட்டும். ஆனா தெக்கு ஓரத்துல மட்டும். வடக்குப் பக்கம் நாங்க முட்டை வைக்கிற இடம். அங்க குளம்பு படக் கூடாது!"

"அப்படியே ஆகட்டும் தாயி! நானும் பிள்ளை பெத்தவதான்!" என்றாள் கொம்பாயி.

எருமைகள் மருத மரத்துக்குக் கீழே கொம்பைக் கொடுத்தன. "ஏய், ஒண்ணா! ஒண்ணா!" மரம் முனகியது. புரண்டது. கரையில் போய் விழுந்தது. ஓடைத் தண்ணீர் கொஞ்சம் யோசித்தது போல நின்றது. பிறகு சலசலவென்று பழைய பாதையில் இறங்கியது.

தோரணத்துக்குக் கீழே பள்ளம் நிறைந்தது. நடுவே இருந்த சேறும் மூழ்கியது. தலைப்பிரட்டைகள் கறுப்பு மணிகளை அள்ளி விட்டது போலக் குளத்துக்குள் ஓடின. பொன்னாத்தா பின்னாலேயே நீந்தினாள். எல்லாப் பிள்ளைகளும் வந்துவிட்டன என்று தெரிந்த பிறகுதான் கண்ணை மூடி, "ஆண்டவனே, உனக்குக் கோடி கும்பிடு!" என்றாள்.

எருமைகள் தெற்கு ஓரத்தில் இறங்கிச் சுகமாகப் பெருமூச்சு விட்டன. சேவுகன் பாறையை விட்டு நகரவில்லை.

"இன்னும் ஏன் ஐயா நிக்கிறீங்க? போய்த் தலையை அலசுங்க!" என்றாள் பொன்னாத்தா.

"நீங்க இன்னும் என்னைத் திட்டலையே!"

"நேத்தே சொல்லியிருந்தா நேத்தே திட்டி முடிச்சிருப்போம். ஒரு பொழுதுல ஆறிப்போயிருக்கும். பிள்ளைங்களுக்கும் இந்தக் கஷ்டம் வந்திருக்காது. சரி, நின்னது நின்னீங்க, வாங்கிக்கிட்டே போங்க!"

பொன்னாத்தா ஆரம்பித்தாள். தவளைகள் சேர்ந்துகொண்டன. ஆமைகள் மெதுவாகத் திட்டின. நத்தைகள் ஆரம்பிக்கவே நேரமானது. குருவன் இரண்டு கொடுக்கையும் ஆட்டி ஆட்டித் திட்டியது. மரக்கிளையிலிருந்து வடிவு வேறு, "இன்னும் ரெண்டு போடுங்க!" என்று எடுத்துக் கொடுத்தாள். சேவுகன் குறுக்கே பேசாமல் கடைசி நத்தை முடிக்கும் வரை நின்று கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும் அவருக்கு நன்றாகப் பசித்தது. பொன்னாத்தா நல்ல கொழுத்த புழுவாகப் பார்த்து ஒன்று எடுத்து நீட்டினாள்.

ஊருக்காகப் பேச நிற்பவர், கைதட்டல் வாங்கும் செய்திக்கு முன்னால் கசப்பான செய்தியைச் சொல்லிவிட வேண்டும். கசப்பு காலத்தில் வந்தால் மருந்து, காலம் தப்பி வந்தால் விஷம்.