பெரிய வியாழனுக்கு வந்த பூட்ஸ்

உப்பள முதலாளி போனிபாஸ் தவக்காலத் தொடக்கத்தில் ஒரு கட்டளை போட்டார். பெரிய வியாழனன்று ஆயரே வந்து, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல், பன்னிரண்டு உப்பளத் தொழிலாளர்களின் பாதங்களைக் கழுவப் போகிறார். அந்தப் பாதங்களில் ஒரு வெடிப்பும் புண்ணும் தெரியக் கூடாது.

"உன் பொறுப்பு" என்று தொழிலாளர்களில் மூத்தவளான மிக்கேலம்மாளிடம் சொன்னார். "தெரிஞ்சா உனக்கு வேலை கிடையாது."

மிக்கேலம்மாள் வெறுங்காலோடு உப்பு வாருகிறவள். பூட்ஸ் கேட்டுக் கேட்டு அலுத்தவள்.

"ஆகட்டும் முதலாளி. ரப்பர் பூட்ஸ் போட்டா அதுக்குள்ள ஆறிடும்."

"பன்னிரண்டு ஜோடி வாங்கித் தர்றேன்."

"யாருக்குக் குடுக்க? நம்ம கோயில்ல அன்னிக்குச் சாயங்காலம் சீட்டுக் குலுக்கித்தானே ஆளை எடுப்பாங்க?"

யார் பெயர் வரும் என்று முதலாளிக்கும் தெரியாது. உப்பளம் முழுவதற்கும் பூட்ஸ் வந்தது.

பெரிய வியாழனன்று ஆயர் குனிந்து ஒவ்வொரு பாதமாகக் கழுவித் துடைத்து முத்தமிட்டார். "உழைப்பவர்களின் கால்களை இப்படிக் காக்கும் முதலாளியை நான் பார்த்ததில்லை" என்று ஒலிபெருக்கியில் பாராட்டினார். போனிபாஸ் எழுந்து நின்று கும்பிட்டார்.

பூசை முடிந்ததும் முதலாளி மிக்கேலம்மாளை வாசலில் ஓரமாக அழைத்தார்.

"ஈஸ்டர் முடிஞ்சதும் எல்லா பூட்ஸும் சரக்குக் கிட்டங்கிக்கு வந்துடணும். ஏதோ தர்மமாக் குடுத்தேன்."

"தர்மம்னா திருப்பிக் கேக்க மாட்டாங்களே முதலாளி?"

"சரி, வேலைக்குன்னு குடுத்தேன். போதுமா?"

"வேலைக்குன்னா வேலை இருக்கிற வரைக்கும் எங்க கால்லதானே இருக்கணும்? ரெண்டுல எதுன்னு ஆயர்கிட்டயே கேட்டுருவோம். அவர் இன்னும் கார் ஏறலை."

ஆயருக்குக் கார்க் கதவைத் திறந்துவிட போனிபாஸே ஓடினார்.