அத்தி பூவை மறைத்தது ஏன்?

மரமும் பூச்சியும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆற்றங்கரை அத்தியும் மற்ற மரங்களைப் போல வெளியிலேதான் பூத்தது. பச்சையும் வெள்ளையுமாகப் பொடிப் பூ. பார்வைக்கு ஒன்றுமில்லை. தேன் மட்டும் நாக்கை விட்டுப் போகாது.

அப்போது காட்டில் ஏழெட்டு வகைப் பூக்கள்தான். தேனீக்கள் ஒன்று விடாமல் ருசி பார்த்துவிட்டு, கடைசியில் அத்தியிடமே வந்து சேரும். ரீங்காரி என்ற தேனீ குடித்து முடித்த பிறகும் கிளம்பாது. எந்தப் பாறையில் புதுக் கூடு, யாருக்கும் யாருக்கும் சண்டை என்று ஊர்க்கதை பேசும். என்ன அருமையான காலைகள் அவை!

ஒரு வருடம் மழை கொட்டித் தீர்த்தது. எங்கெங்கிருந்தோ வந்த விதையெல்லாம் முளைத்து ஆயிரம் வகையாகப் பூத்தன. ரீங்காரி பழைய வழக்கப்படி ஒவ்வொன்றாக ருசி பார்க்கப் போனது. பாதிக் காடு தாண்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கூட்டில் பிள்ளைகள் பட்டினி கிடந்தன. மறுநாள் கண்ணில் முதலில் பட்ட மஞ்சள் பீர்க்கம்பூவில் இறங்கி, அன்று முழுக்க அதையே தேடிப் போனது. மற்ற தேனீக்களும் அதன் பின்னாலேயே போயின.

அத்தி மூன்று வருடம் பொறுத்தது. தேனீ வந்து மகரந்தம் தடவாமல் ஒரு விதைகூடப் பிடிக்கவில்லை.

“ரீங்காரி, இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாதா? என் வம்சமே அத்துப் போயிடும் போலிருக்கே.”

“உன் தேனை மறப்பேனா அக்கா? எனக்கு இருக்கிறது ஒரே பகல். ஆயிரத்தையும் பார்த்துட்டு வர முடியுமா? பளிச்சுனு தெரியுற பூவுக்குப் போயிட்டு ஓடிடுறேன்.”

பக்கத்துச் செடிகள் சிவப்பும் நீலமும் பூசி மினுக்கத் தொடங்கின. அத்திக்கு அது வரவில்லை.

அப்போது எள்ளளவுகூட இல்லாத ஒரு குளவி வந்தது. “எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது அக்கா. உன் வாசனை ஒண்ணுதான் தெரியும்.”

அந்த வருடம் அத்திக்கு விதை பிடித்தது. நெஞ்சு குளிர்ந்த அத்தி, தேனீக்கள் மேலிருந்த ரோஷத்தோடு தன் பூக்களையெல்லாம் சுருட்டிப் பச்சை உருண்டைக்குள் வைத்து மூடியது. குளவி நுழைய மட்டும் ஒரு சின்ன வாசல் விட்டது.

அடுத்த கோடையில் ரீங்காரிக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. ஆசையாகப் பறந்து வந்து கிளை கிளையாகச் சுற்றியது.

“அக்கா, இந்த வருஷம் நீ பூக்கலையா?”

அத்தி தன் பச்சை உருண்டையைக் காட்டியது. வாசல் ரீங்காரிக்குப் போதாது.

அந்தக் காலம் முதல்தான் தேனீ ஒரு வகைப் பூவில் இறங்கினால் அந்த நடை முழுக்க அதையே தேடிப் போகிறது. அத்தி கிளை நிறையப் பூத்தும் யார் கண்ணிலும் படாமல் நிற்கிறது.