வாசலில் கேட்ட மூன்று தலைமுறை

வெகு காலத்துக்கு முன்னே, புன்னையாறு பாயும் நாட்டைக் கரியமாணிக்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் போட்ட உத்தரவு மதியச் சாப்பாட்டுக்குள் மாறிவிடும். சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் அவனுடைய குலமுதல்வரின் வெண்கலச் சிலை நின்றது. கரையேற்றிய பெருமான் என்று பெயர். அந்த வம்சத்தில் முடிசூடுகிறவர் அன்றைக்கு ஆற்றில் ஒரு நடை ஓடம் ஓட்ட வேண்டும் என்பது வழக்கம். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஒருநாள் ராஜா பாடிக்கொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த உத்தியோகஸ்தன் ஒருவன் கொட்டாவி விட்டுவிட்டான். "வம்சம் தெரியாதவனைச் சேர்த்தால் இப்படித்தான், மன்னா" என்று தூபம் போட்டார் பிரதானி மகுடேசர். ராஜா அந்த இடத்திலேயே ஆணையிட்டான். அரண்மனை வேலைக்கு வருகிறவர் அப்பன், பாட்டன், பூட்டன் மூவரும் பார்த்த அரண்மனை உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாதவர் மறுபடி வாசலை மிதிக்கக் கூடாது. ராஜா பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். ஆணை மட்டும் அதிசயமாக மாறாமலே நின்றுவிட்டது. சபை முழுக்க மகுடேசரின் மருமகன், மைத்துனன், சகலை என்று நிரம்பியது.

நியாயசபையில் ஓர் இடம் காலியானபோது அக்கரை உப்பளத்திலிருந்து சிலம்பாயி என்ற இளம்பெண் வந்தாள். சோதனைக்குக் கொடுத்த வழக்குகளையெல்லாம் நிதானமாகக் கேட்டு, இரு தரப்பும் ஒப்பும்படி தீர்ப்புச் சொன்னாள். ராஜாவே தலையாட்டினான்.

"அதெல்லாம் இருக்கட்டும். மூன்று தலைமுறை சொல்" என்றார் மகுடேசர்.

"எங்கப்பா உப்பு அள்ளுனாரு. தாத்தாவும் உப்பு அள்ளுனாரு. பூட்டன் பேரு தெரியாதுங்க."

"உப்புக்குப் பெறாத வம்சம்!" என்றார் மகுடேசர். சபை சிரித்தது.

சிலம்பாயி சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். "ராசா, எங்க சனம் வழக்குன்னு வந்தா, எங்க பேச்சே இங்க யாருக்கும் விளங்குறதில்ல. பாதியிலயே போகச் சொல்லிடுறாங்க. அக்கரை ஆளு ஒருத்தராவது இங்க உக்காரணும்னுதான் படிச்சேன். இன்னைக்குத் தள்ளிட்டா நான் மறுபடி வர முடியாது" என்றாள். ராஜாவோ ஆணையை மீறவும் மனமில்லாமல், அவளை அனுப்பவும் மனமில்லாமல் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தான்.

மந்திரி ஆவுடையப்பர் எழுந்தார். "மன்னா, விதி எல்லாருக்கும் ஒன்றுதான். இன்னொருவர் விஷயமும் இருக்கிறது. அவரால் வாய் திறந்து பேச முடியாது, நான் சொல்கிறேன். அவர் ஓடம் ஓட்டினார். அப்பன் ஓடம் ஓட்டினார். அதற்கு முன்னால் யாரென்று தெரியாது. இந்த அரண்மனையில் அவருக்கு இடம் உண்டா?"

"லாயத்தில் சாணி அள்ளக்கூட இடமில்லை!" என்றார் மகுடேசர்.

"மன்னர் ஆணை?"

"விதிதான் இருக்கிறதே. வெளியே அனுப்பும்" என்றான் ராஜா.

"சேவகர்களே, அரசாணை. அவரைத் தூக்கிக் கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வையுங்கள்" என்று ஆவுடையப்பர் கையை நீட்டினார்.

அவர் காட்டியது கரையேற்றிய பெருமானின் சிலையை. சேவகர்கள் அதன் பீடத்தில் கை வைத்தார்கள்.

ராஜா துள்ளி எழுந்தான். "நிறுத்துங்கள்! ஆவுடையப்பரே, பைத்தியமா உமக்கு? மக்களைத் துன்பக்கடலிலிருந்து கரையேற்றியவர் அவர்!"

"துன்பக்கடல் புலவர்கள் பிற்பாடு சேர்த்தது, மன்னா. அவர் கரையேற்றியது இந்தப் புன்னையாற்றிலிருந்து. ஊரே வெள்ளத்தில் முங்கியபோது, யார் எவர் என்று கேட்காமல் ஏற்றிவந்து இக்கரையில் இறக்கினார். இறங்கியவர்கள் அவரை ராஜாவாக்கினார்கள். முடிசூடிய அன்று உங்கள் கையில் ஓடக்கோலைக் கொடுத்தது எதற்கென்று நினைத்தீர்கள்?"

ராஜா தன் உள்ளங்கையைப் பார்த்தான். அன்றைக்கு அந்த ஒரு நடையிலேயே கை கொப்பளித்ததும், கோலைத் தூக்கி எறிந்ததும் நினைவுக்கு வந்தன. "வெறும் சடங்கு என்று நினைத்தேன்" என்றான் மெதுவாக.

"நாமெல்லாம் கரையேறிவிட்டோம், மன்னா. ஏறியதும் ஓடத்தை இக்கரையிலேயே கட்டிப்போட்டுவிட்டோம். அக்கரையில் இன்னும் ஆட்கள் நிற்கிறார்கள்."

ராஜா திரும்பினான். "மகுடேசரே, உம்முடைய முன்னோர் இக்கரைக்கு எப்படி வந்தார்?"

மகுடேசர் தலையைக் குனிந்தார். "அந்த ஓடத்தில்தான், மன்னா."

"ஏற்றும்போது பெருமான் அவரிடம் மூன்று தலைமுறை கேட்டாரா?"

ராஜா ஆணையை ரத்து செய்தான். சிலம்பாயியை நியாயசபை ஆசனத்தில் அமரச் சொன்னான். அவள் அமரவில்லை.

"எனக்கு முன்னாடி வந்தவங்களும் இதே கேள்விக்குத் தலைகுனிஞ்சு திரும்பிப் போனாங்க, ராசா. அவங்களையும் கூப்பிட்டு, என்ன தெரியும்னு கேக்கணும். நான் மட்டும் இங்க உக்காந்தா, அது எனக்குக் குடுத்த பிச்சையாப் போயிரும்."

அந்தச் சொல் ராஜாவைச் சுட்டது. "கூப்பிடுவோம். மகுடேசரே, நீரே ஓடம் ஓட்டிப் போய் அழைத்து வாரும்" என்றான்.

இந்த உத்தரவு மதியத்துக்குப் பிறகும் மாறவில்லை. பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மகுடேசர் சாயங்காலம்வரை கோல் ஊன்றினார். தான் விரட்டியவர்களைத் தானே ஏற்றிவந்து இறக்கினார். கடைசி நடை முடிந்தபோது கை கொப்பளித்து, கால் துவண்டு, ஓடத்தை விட்டு இறங்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். முன்னே இறங்கிய உப்பளத்துக்காரர் ஒருவர் திரும்பி வந்து கையை நீட்டினார்.

"பிடிச்சுக்குங்க ஐயா" என்று சொல்லி மகுடேசரைக் கரையேற்றிவிட்டார்.